எஸ்எஸ் சிக்னி எழும்பிய மாலை

இந்து அந்தத் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கவில்லை. அது அவள் தலையில் வந்து விழுந்தது.

சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு ரிசார்ட்டில் அவள் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். விருந்தினர்களுக்கு மாலையில் வானத்தைக் காட்டுவதற்கென்று அங்கே ஒரு பெரிய தொலைநோக்கி வாங்கி வைத்திருந்தார்கள். அதை இயக்கிக்கொண்டிருந்தவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மலையாளியான மேனேஜர் இந்துவைக் கூப்பிட்டார்.

“நீ படிச்ச குட்டியல்லே. இது பெரிய காரியமொன்னுமில்ல. சந்திரனைக் காட்டு, சனி இருந்தா அதையும் காட்டு, போதும்.”

அவள் படித்தது பி.காம். பீர்மேட்டில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். அம்மா அழகுத்தாய் இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறார். அப்பா இல்லை. அதுவரை இந்து வானத்தை நிமிர்ந்து பார்த்ததெல்லாம் துணி காயுமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

ஆனாலும் கொடுத்த வேலையைச் செய்தாள். சந்திரனின் பள்ளங்களைக் காட்டினாள், சனியின் வளையத்தைக் காட்டினாள். ஒருநாள் ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கண்ணை எடுத்துவிட்டு, “எப்ப வந்தாலும் இதே நட்சத்திரங்கதான் இருக்குமாங்க? மாறவே மாறாதா?” என்று கேட்டாள். இந்து சிரித்துச் சமாளித்தாள். அறைக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.

அப்படித்தான் அவள் எஸ்எஸ் சிக்னியிடம் போய்ச் சேர்ந்தாள்.

சிக்னஸ் என்கிற அன்ன வடிவ நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும் நட்சத்திரம் அது. பார்க்க ஒன்று, உண்மையில் இரண்டு. ஒன்று எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ளன். பூமியளவுதான் உருவம், கனமோ கிட்டத்தட்ட சூரியனுடையது. மற்றது செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சாதாரண நட்சத்திரம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் நம் சூரியனின் அகலம்தான். அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று ஏழு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடுகின்றன. குள்ளன் அடுத்ததன் வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த வாயு நேராக அதன்மேல் விழாமல் தட்டுப்போல் சுற்றிச் சுற்றிச் சேர்கிறது. வாரக்கணக்கில் சேர்ந்து, தாங்காத கட்டம் வந்ததும் தட்டு முழுவதும் கொதித்து உள்ளே சரிகிறது. அப்போது அந்த நட்சத்திரம் நாற்பது மடங்கு பிரகாசமாகிவிடும். சில நாளில் பழையபடி மங்கும். மறுபடி சேரும். இப்படிப்பட்டவற்றுக்குக் குறுநோவா என்று பெயர். அடுத்த முறை எந்த நாளில் எழும்பும் என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது.

நட்சத்திர வரைபடத்தை வைத்துக்கொண்டு தொலைநோக்கியில் தேடினாள். பல மாலைகள் கிடைக்கவில்லை. ஒருநாள் கிடைத்தது. கண்ணாடியில் ஒட்டிய தூசு மாதிரி ஒரு புள்ளி. இதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது. ஆனாலும் விருந்தினர்கள் போன பிறகு அதை ஒருமுறை பார்த்துவிட்டே மூடுவது வழக்கமாகிவிட்டது. பிறகு ஒரு வாரம் விடாமல் மழை. வானம் வெளுத்த அன்று கண்ணை வைத்தவள், திசை தவறிவிட்டது என்று நினைத்துத் தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தூசு இருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“எம்மா, ஒரு நட்சத்திரம் திடீர்னு பெருசாயிருச்சும்மா! நான் பாத்துக்கிட்டே இருந்தது!”

“கீழ கீழ விழுந்துராதுல்ல?” என்றார் அழகுத்தாய்.

அதன் பிறகுதான் அவள் வாட்ஸப்பில் ஒரு குழுவில் சேர்ந்தாள். இப்படி மாறும் நட்சத்திரங்களைக் கவனித்து, பக்கத்தில் மாறாமல் இருப்பவற்றோடு ஒப்பிட்டு, வெளிச்சத்தின் அளவைக் குறித்து உலகப் பட்டியலுக்கு அனுப்புகிறவர்களின் குழு. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த சென்னிமலை என்பவர் அதில் இருந்தார். வார்த்தை அதிகம் எழுத மாட்டார். இந்து அனுப்பும் அளவுகளுக்குக் கீழே “சரிங்க” என்றோ “மறுக்கா பாருங்க” என்றோ இருக்கும்.

போன மழைக்காலம் முடியும் நேரத்தில் குழுவில் ஒரு வேண்டுகோள் வந்தது. விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கியை எஸ்எஸ் சிக்னியின் பக்கம் திருப்ப விஞ்ஞானிகள் சிலர் தயாராக இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தொடக்கம். நட்சத்திரம் நன்றாக எழும்பிய பிறகு திருப்பினால் பிரயோஜனமில்லை. எழும்ப ஆரம்பித்ததுமே யாராவது சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த மூலையில் அப்போது இருட்டு இருக்கிறதோ அங்கே இருப்பவர்தான் சொல்ல முடியும்.

டிசம்பரில் ஒரு மாலை. பகலெல்லாம் மேகம். விருந்தினர்கள் ஏழெட்டுப் பேர் சால்வை போர்த்திக்கொண்டு புல்வெளியில் நின்றார்கள். வடமேற்கே வானம் கொஞ்சம் திறந்ததும் இந்து பழக்கத்தில் முதலில் அதைத்தான் பார்த்தாள்.

விளக்கு இல்லை. ஆனால் தூசும் இல்லை. தூசைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. கண்ணை எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள். எப்போதும் அதைவிடப் பிரகாசமாக இருக்கும் பக்கத்து நட்சத்திரம் ஒன்று இப்போது அதற்குச் சமமாகத் தெரிந்தது. நிஜமா, இல்லை ஈரத்தில் கண்ணாடி ஏமாற்றுகிறதா? மூன்றாம் முறை பார்ப்பதற்குள் பள்ளத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி வானத்தை அடைத்துவிட்டது.

“இன்னைக்கு அவ்வளவுதானா?” என்றார் ஒரு விருந்தினர். சலித்துக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

இந்து நின்ற இடத்திலேயே நின்றாள். தவறாகச் சொன்னால் விண்வெளியில் ஒரு பெரிய கருவி வீணாகத் திரும்பும். சொல்லாமல் விட்டால் தொடக்கம் போய்விடும். யோசித்துவிட்டு, அதுவரை குரலைக்கூடக் கேட்டிராத சென்னிமலையை அழைத்தாள். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

“அண்ணே, நான் சக்குபள்ளத்துலருந்து இந்து பேசுறேன். சிக்னி ஏறுற மாதிரி தெரியுது. நெசமான்னு சொல்லத் தெரியல. இங்க மஞ்சு எறங்கிருச்சு.”

“அம்மிணி, நானு எங்கூருக்குப் பக்கத்துல சித்தூர்ல ஒரு கண்ணாலத்துல பந்தில உக்காந்திருக்கறனுங்க.” நாதஸ்வரத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். “எத்தச்சோடு ஏறியிருக்குதுங்க?”

எவ்வளவு என்று சொன்னாள்.

“செரி, எலைய மூடிப்போட்டுப் பொறப்படறனுங்க. ஊட்டுக்குப் போயிப் பாத்துப்போட்டுக் கூப்புடறேன். நீங்க போனைக் கீழ வெச்சுராதீங்க.”

அவள் புல்வெளி ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் வெள்ளையாய் மூடுபனி. தன் கையே மங்கலாகத் தெரிந்தது. அந்த வெள்ளைக்கு அப்பால் நடப்பதை நினைத்தாள். ஒரு சூரியனின் வாயு மற்றொன்றின்மேல் சரிந்துகொண்டிருக்கிறது. ‘கொண்டிருக்கிறது’ என்பதும் சரியில்லை. அது சரிந்து ஏறக்குறைய முந்நூற்றெழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்போது இந்த மலையில் ஒரு தேயிலைச் செடி கிடையாது, லயம் கிடையாது. அன்று கிளம்பிய வெளிச்சம் வழியில் எங்கும் நிற்காமல் வந்து, இன்று மேகம் விலகிய அந்தச் சின்ன இடைவெளியில் அவள் கண்ணுக்குள் விழுந்திருக்கிறது. 

போன் அடித்தது.

“ஏறிருச்சுங்க!” சென்னிமலைக்கு மூச்சு வாங்கியது. “நீங்க சொன்னதுக்கு மேல இன்னுங் கொஞ்சம் ஏறியிருக்குதுங்க. சந்தேகமே இல்ல. உடனே அனுப்புங்க.”

“அண்ணே, நீங்களே அனுப்பிருங்க. நான் சரியாக்கூடப் பாக்கல.”

“அதெப்புடிங்க? மொதல்ல பாத்தது நீங்க. நீங்க அனுப்புனாத்தான் மொற. உங்குளுக்குப் பொறகால நானு பாத்ததை அனுப்பறேன்.”

அனுப்பினாள். அனுப்பியதும் அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதில் மறுநாள் வந்தது. விஞ்ஞானிகள் கருவியைத் திருப்பிவிட்டார்கள். அது போய்ச் சேர்ந்தபோது நட்சத்திரம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எக்ஸ் கதிர்கள் ஒரு எகிறு எகிறி, பிறகு சட்டென்று அடங்கியதை முழுதாகப் பதிவுசெய்ய முடிந்தது என்றும், சக்குபள்ளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு ஊர்ப் பெயரையும் தப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். சென்னிமலை குழுவில் “சரிங்க” என்று மட்டும் போட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இந்து அம்மாவைக் குமுளி பஸ்ஸில் வரவழைத்தாள். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. அழகுத்தாய் புடவைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு மறு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

“நடுவுல இருக்கே, அதாடி?”

“அதான்மா.”

அம்மா வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. “முந்நூறு வருசத்துக்கு முந்தி நடந்ததுன்னு சொன்னியே. அப்ப இன்னைக்கு அங்க என்ன நடக்குது?”

“தெரியாதும்மா. இன்னைக்கு அங்க நடக்குறத நம்ம யாரும் பாக்க முடியாது.”

“பெறகு யாரு பாப்பாங்க?”

“அன்னைக்கு இங்க யாரு இருக்காங்களோ அவங்க.”

அழகுத்தாய் மலையைப் பார்த்தார், மேலே பார்த்தார். பிறகு, யாரோ தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகக் குனிந்து மறுபடியும் கண்ணை வைத்தார்.