பேசும் தவளை

காலில் புண் ஆறவில்லை, பெருவிரலை எடுத்தே ஆகணும் என்று தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் நேரே அரசு மருத்துவப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். பாடமும் ஆராய்ச்சியும் வைத்தியமும் ஒரே வளாகத்தில் நடக்கிற இடம். காலையில் பேராசிரியர் பின்னால் வந்த மாணவர்கள் ஆளாளுக்குக் குனிந்து என் புண்ணைப் பார்த்து, இங்கிலீசில் பேசிவிட்டுப் போனார்கள்.

கூட இருந்த அக்காவுக்கு மானம் போயிற்று. "ஏட்டி, இந்தப் பிள்ளைகள் அறுத்துப் படிக்க நீ என்ன தவளையா? வா, திருவனந்தபுரத்துல வேற ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"தவளைதான். ஆனா இந்தத் தவளை பேசும்," என்றேன்.

குளச்சலில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள் நான். நாலு பேர் செவுளைத் தூக்கிப் பார்த்த மீனில் ஏமாற்று இருக்காது. கண் கூடக்கூடக் கள்ளம் குறையும் என்பது எங்கள் கரைப் பேச்சு.

மறுநாள் அவர்கள் வந்ததும் சொன்னேன்: "நல்லாப் பாருங்க மக்கா. பார்த்ததைத் தமிழில் எனக்கும் சொல்லணும். இல்லேன்னா காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிடுவேன்."

பேராசிரியர் சிரித்துவிட்டு, சொல்லுங்கள் என்றார். "அடியில புதுச் சதை வருதும்மா. விரலை எடுக்க வேண்டாம்னு தோணுது," என்றாள் ஒருத்தி. அவரும் குனிந்து பார்த்துத் தலையசைத்தார்.

அதற்கடுத்த நாள் அவர்கள் வருமுன்பே காலை வெளியே நீட்டி வைத்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருக்கட்டும், வெட்கம் அவளுக்கு, விரல் எனக்கு.