நானுஓயா குளிரில் ஒரு தாமரைக் கிழங்கு

கல்யாணமாகி நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியபோது என் கையில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. வெள்ளைக்காரத் துரை இன்னும் பங்களாவில் இருந்த காலம். நான் பிறந்தது குருணாகல் பக்கம், ஒரு தென்னந்தோட்டத்தில். அங்கே ரோட்டோரக் குளத்தில்கூடத் தாமரை பூக்கும். தேயிலை மலையில் அது கிடையாது என்று யாரோ சொல்லவும், ஒரு கிழங்கைச் சேற்றோடு தகரத்தில் அள்ளிக்கொண்டேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் மாமியார் அதைப் பலகாரம் என்று நினைத்துத் திறந்தார்.

"அடியாத்தே! மருமக சகதியக் கொண்டாந்திருக்கா, எல்லாரும் வந்து பாருங்க!"

கூடி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க அத்தை. அடுத்த திருவிழாவுக்கு மாரியம்மனுக்கு இதுல பூத்த தாமரைய நானே வைப்பேன்."

புதுப்பெண் பேசுகிற பேச்சா அது! அன்றைக்கே லயத்தில் எனக்குத் 'தாமரைக்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது. பூக்காவிட்டால் தலைகாட்ட முடியாது.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஃபெக்டரிக்குத் தண்ணீர் போகிற சின்ன அணை ஒன்று இருந்தது. அதில் கோரையும் சேம்பும் அடர்ந்து கிடக்கும். கரையெல்லாம் வல்லாரை. வல்லாரையை அரிந்து தேங்காய்ப்பூவோடு பிசைகிற சம்பலில் என் மாமியாரை மிஞ்ச ஆளில்லை, அதை மறைக்கக்கூடாது. அங்கேதான் கிழங்கை ஊன்றினேன். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பும்போது தினமும் எட்டிப் பார்ப்பேன்.

தாமரையைக் காணோம். ஆனால் அந்தச் சேற்றில் ஒட்டிக்கொண்டு வேறு என்னென்னவோ வந்திருந்தன! நாலு இலை ஆரைக்கீரை முளைத்தது. பொழுது சாய்ந்தால் கைகூப்புவது மாதிரி இலையை மடித்துக்கொள்ளும். விளிம்பெல்லாம் பஞ்சு முளைத்த வெள்ளைப் பூ ஒன்று, காலையில் பூத்து அன்றைக்கே வாடும். இன்னொன்றுக்கு வேரே இல்லை. பாசி மாதிரி தண்ணீருக்குள் கிடக்கும், மஞ்சள் பூவை மட்டும் வெளியே நீட்டும். அதன் இழையில் கடுகைவிடச் சின்னப் பைகள். ஒரு நாள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தூசு போன்ற ஒரு பூச்சியை ஒரு பை லபக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. பூவும் பூக்கும், இரையும் பிடிக்கும்! அதற்குப் பெயர் சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மறு வருஷம் வெயில் ஏறியதும் தாமரை ஐந்து இலை விட்டது. திருவிழா வந்தது. மொட்டு மட்டும் வரவில்லை.

அன்று காலை விறைக்கிற தண்ணீரில் இறங்கி, பெரிய இலையாக ஒன்றை அறுத்து, அந்த வெள்ளைப் பூவையும் மஞ்சள் பூவையும் அதில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

"எங்கடி தாமரை?" என்றார் மாமியார், நாலு பேர் கேட்க.

"பூக்கல அத்தை. எலதான் வந்துச்சு."

பூசாரி சிரித்துக்கொண்டே பூவை எடுத்து அம்மன் பாதத்தில் வைத்தார். தீர்த்தத்தை வெறும் இலையில் தெளித்து, மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டார். தண்ணீர் முத்தாகத் திரண்டு ஓடியது. மாமியார் இலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். துளி ஒட்டாமல் உருண்டது. மணி அடித்துத் தீபாராதனை காட்டி முடித்தார்கள். அவர் கும்பிடவே இல்லை.

பிறகு என் காதோரம் குனிந்து கேட்டார்:

"இன்னும் நாலு எல இருக்கும்ல? ஒருத்திக்கும் குடுத்துறாத."