பின்பக்கமாகத் திரும்பி வந்த லொறி

பிளாஸ்டிசின் களியைச் சூடான ஹீட்டர் குழாயின் மேல் வைத்தால், மெழுகுதிரியும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாசம் வரும். நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில், நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் எங்கள் வகுப்பில் ஒரு பனிக்காலம் முழுவதும் அந்த வாசம்தான். இரவுக் குளிரில் கல்லாக இறுகிப்போன களியை இளக்க வேறு வழியில்லாததால், காலையில் தொப்பியையும் கையுறையையும் கழற்றி எறிந்துவிட்டு நாங்கள் முதலில் ஓடுவது அந்தக் குழாயடிக்குத்தான். இடம்பிடிக்க நடக்கும் இடிபாட்டில் அநேகமாக நான்தான் வெல்லுவேன்.

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் கதிரைக்கு வெளியே தொங்கும். "உனக்கென்ன, காலிலை 'சில்லு' பூட்டிக் கிடக்கே?" என்று, சக்கரம் தேடுவது போல என் காலைப் பார்த்து அம்மா கேட்காத நாளில்லை. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, களியில் ஆள் செய்து, அந்த ஆளை ஒரு மயிரிழை நகர்த்தி, கையை எடுத்து, ஒரு படம் பிடித்து, மறுபடி ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி ஒரு படம் பிடிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? மேசை ஆடும், கமரா ஆடும், எங்கள் ஆசிரியை மதாம் ஜொசே "பூஜ் பா!" என்று கத்துவார். அசையாதே என்று அர்த்தம். நான் முதன்முதலில் சரியாகப் படித்த பிரெஞ்சு அதுதான். படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டு ஆளை அசைய வைக்கத்தானே இவ்வளவு பாடு, பிறகேன் இந்த மனுசி அசையாதே அசையாதே என்று உயிரை வாங்குகிறது என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

என்னோடு சோடி சேர்த்துவிட்டது அமன்தீப் என்ற பஞ்சாபிப் பிள்ளையை. பிள்ளையார் சிலை தோற்றுப்போகும், அப்படி ஒரு அமைதி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பஞ்சாபி தெரியாது. இரண்டு பேரும் ஒடிந்த பிரெஞ்சில் சண்டை பிடிப்போம். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'எங்கள் வீட்டுக் காலை'. நான் ஒரு கணமும் யோசிக்காமல், அப்பா வேலைக்கு வெளிக்கிடுவதைத்தான் எடுப்போம் என்றேன்.

அப்பா துறைமுகத்தில் இறங்கும் கொண்டெய்னர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு மேற்கே நெடுந்தூரம் போவார், திரும்பி வரப் பல நாளாகும். அவர் வெளிக்கிடும் காலை எங்கள் வீட்டில் ஒரு சடங்கு போல நடக்கும். எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. 'போறன்' என்ற சொல் வாயில் வரக்கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிது 'முழுவியளம்'. வெளிக்கிடுகிறவருக்கு எதிரே முதலில் வருகிற ஆள் நல்ல சகுனமாக இருக்க வேண்டும். இந்த ஊரில், அந்த விடியலில், எங்கள் மாடிவீட்டின் வெளிப்படியில் யார் எதிரே வரப்போகிறார்கள்? அதனால் அம்மாவே பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பால் நிறைந்த பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி அப்பாவுக்கு முன்னால் இறங்கிப் போய், வீதியில் ஒரு வட்டம் அடித்துவிட்டு, அப்போதுதான் கடையிலிருந்து வருகிறவர் போல எதிரே ஏறி வருவார். மேலிருந்து அப்பா இறங்குவார். "ஆரடா இது, நல்ல முழுவியளம்!" என்று அப்பா அதிசயப்படுவார். ஒவ்வொரு முறையும் புதிதாக அதிசயப்படுவார்.

இதைத்தான் களியில் செய்தோம். பச்சை லொறி, நீலச் சட்டை அப்பா, சிவப்புக் கோட்டு அம்மா, கையில் வெள்ளைப் பொட்டு மாதிரி ஒரு பால் பை. அந்தப் படி இருக்கிறதே, அது எங்கள் நாட்களையெல்லாம் தின்றது. ஒருவர் இறங்க வேண்டும், ஒருவர் ஏற வேண்டும், இருவரையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். ஒருவழியாக லொறி மேசை விளிம்பைத் தாண்டியதும் மதாம் ஜொசே கைதட்டி, "செ ஃபினி! பிராவோ!" என்றார். முடிந்ததாம்.

அந்த வாரம் உண்மையான அப்பாவும் போயிருந்தார். பனிப்புயலில் ஒன்ராறியோவின் வடக்குப் பாதையை மூடிவிட்டார்கள் என்று தொலைக்காட்சி சொன்னது. அவருடைய தொலைபேசி எடுபடவில்லை. அம்மா யன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்; நானும் அவருக்குப் பின்னால் நடந்தேன். பேச்சை மாற்றத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், "உங்கடை படம் முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம், அப்பா லொறியிலை ஏறிப் போட்டார். முடிஞ்சுது."

"பேந்து வந்தவரோ?"

"இல்லை."

அம்மா நின்றுவிட்டார். "என்ன பிள்ளை இது, விசரே? போன மனுசனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிட்டெல்லோ முடிக்கோணும்! நாளைக்கே போய் ரீச்சரிட்டைச் சொல்லு."

அவ்வளவுதான். என் விரலால் அப்பாவை மேசைக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கிறேன், அதனால்தான் பாதை மூடிக்கிடக்கிறது என்று அன்றிரவே முடிவு கட்டிவிட்டேன். காலையில் வகுப்புக்கு ஓடினால், எங்கள் பச்சை லொறியை இன்னொரு சோடி உருட்டித் திரட்டி டைனோசர் ஆக்கி வைத்திருந்தது. அதற்குப் பல்லும் முளைத்துவிட்டது. "அப்பா திரும்பி வரவேணும்! வரவேணும்!" என்று தெரிந்த பிரெஞ்சிலெல்லாம் கத்தினேன். மதாம் ஜொசேக்குக் கண் கலங்கிவிட்டது. போரில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்று நினைத்தாரோ என்னவோ, என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்துத் தலையைத் தடவினார். எனக்கு அணைப்பா வேண்டும்? லொறியல்லவா வேண்டும்!

அமன்தீப் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, படங்களைக் கடைசியிலிருந்து முதல் படத்தை நோக்கி ஓடவிட்டாள். வெறும் மேசை. பிறகு விளிம்பில் பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. எங்கள் லொறி! பின்பக்கமாக, ஆனால் வந்துகொண்டிருந்தது. "வ்வாலா," என்றாள் அவள், இந்தா பார், இதென்ன பெரிய காரியம் என்பது போல. மதாம் அதையே படத்தின் முடிவில் ஒட்டித் தருவதாகச் சொன்னார். நான் மிச்சத்தைப் பார்க்கவில்லை. லொறி வந்தது போதும், என் கால் ஏற்கனவே வாசலில் நின்றது.

மறுநாள் மாலை அப்பா வந்தார். தாடியும் சிவந்த கண்ணுமாக, "றோட்டை மூடிப்போட்டாங்கள்," என்றபடி சப்பாத்தைக் கழற்றினார். "பாத்தியே?" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். எனக்கு வந்த சந்தோசத்தில் அப்பாவின் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன்.

பெற்றோரை அழைத்துப் படம் காட்டிய பிற்பகலில் இருவரும் வந்தார்கள். திரையில் அப்பா இறங்கினார், அம்மா ஏறினார், லொறி போனது. பிறகு பின்பக்கமாக வந்தது. "இவ்வளவு நேரா நானே ஒருநாளும் ரிவேர்ஸ் எடுத்ததில்லை," என்று அப்பா என் காதுக்குள் சொன்னார். களி அப்பா இறங்கி, பின்பக்கமாகவே படியேறினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன்: மேலே நின்ற அம்மா பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். பால் பையோடு, ஒவ்வொரு படியாக இறங்கி, மேசை விளிம்பைத் தாண்டிப் போயே போய்விட்டார். அம்மா இல்லாத படியோடு படம் முடிந்தது. நான் "அம்மா!" என்று வீரிட்டேன்.

பக்கத்தில் இருந்த உண்மையான அம்மா என்னை மடிக்கு இழுத்தார். "அதுக்கேன் பிள்ளை அழுறாய்? வீட்டிலை பால் முடிஞ்சுது. வாங்கப் போட்டு வாறன், அவ்வளவுதானே," என்றார். பின்வரிசைத் தமிழ்ச்சனம் சிரித்தது. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தப் படம் இப்போது யாரிடமும் இல்லை. பழைய கணினியோடு அதுவும் போயிருக்க வேண்டும். ஹீட்டர் குழாய்களைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கேள்வி. அமன்தீப் எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. அம்மாவும் போய்விட்டார். 'வாறன்' சேராமல் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அவர் சொல்லவே விட்டதில்லை, எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அப்பா இப்போது பக்கத்து நகரான லவாலில் இருக்கிறார். வாசலில் சின்னப் படிக்கட்டு, முழங்கால் நோவோடு அதுவே அவருக்கு மலை. ஞாயிறுகளில் நான் போய்ப் பார்த்துவிட்டு வெளிக்கிடும்போது, குளிர்பெட்டியைத் திறந்து பால் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்குவார். மனைவியை இழந்தவர் முழுவியளத்துக்கு நிற்பது எந்தச் சாத்திரத்திலும் கிடையாது. அவருக்கும் அது தெரியும். கார் வரை போய், திரும்பி, கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்து ஏறி வருவார். நான் மேலே நின்று கார்ச் சாவியைக் கிலுக்கிக்கொண்டு, "கெதியா ஏறுங்கோ அப்பா, எனக்கு நேரம் போகுது," என்பேன்.

"அசையாமல் நில்லு. நான் இன்னும் ஏறி முடியேல்லை," என்பார்.

நான் அசையாமல் நிற்கிறேன்.