கர்தினாலுக்குத் தமிழ் தெரியாது

மாக்கிரட் அக்காவின் பாவத்தை நான் ஒட்டுக்கேட்டேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அன்று அந்தக் காது என்னுடையது.

2003 செப்டம்பர். பிரெஞ்சு பேசும் ஊரில் படிக்கப் போயிருந்தேன்; கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் என் அறைக்கு ஹீட்டர் இன்னும் வரவில்லை. அருங்காட்சியகம் மாணவர்களுக்கு இலவசம் என்பதால் கதகதப்புக்காக அங்கே போய் உட்காருவேன். கடைசி அறையில் ஒரு கர்தினால் மாட்டியிருந்தார். நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய ஓவியம். சிவப்பு அங்கி, மெல்லிய உதடு, நாற்காலியின் கைப்பிடியில் மோதிரக்கை. எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்கள் கூடவே வரும். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அந்த அறைக்குக் காவல் மாக்கிரட் அக்கா.

என்னை மெக்சிகோப் பெண் என்று நினைத்திருந்தாள். 'போன்ஜூர்' மட்டும் சொல்வாள். அதனால்தான் ஒருநாள், நான் பெஞ்சில் இருக்கும்போதே, படத்தின் முன் நின்று தாழ்ந்த குரலில் தொடங்கினாள்.

"சுவாமி, என்னை ஆசீர்வதியும்."

பாவசங்கீர்த்தனம், பாதரிடம் சொல்லவேண்டிய பாவ அறிக்கை. அதே ஊரின் லாசால் பகுதியில் பூசை வைக்கும் தமிழ்ப் பாதர் அவள் வீட்டில் சாப்பிடுகிறவர்; அவரிடம் சொல்ல வாய் வராது. பிரெஞ்சுப் பாதரிடம் சொல்ல அவளுக்குப் பிரெஞ்சு போதாது. கர்தினாலுக்குத் தமிழ் தெரியாது. அதுதான் வசதி.

எட்டு வருஷத்துக்கு முன் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே மழையில் இடம்பெயர்ந்தபோது, இரண்டு பிள்ளைகளோடு நடந்தவள், காய்ச்சலில் நடக்க முடியாத தங்கை அக்னெஸை ஒரு மாதா கோயில் வாசலில் உட்கார வைத்துவிட்டு, திரும்பி வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். திரும்பவில்லை. ஷெல் பட்டுச் செத்துவிட்டாள் என்று எல்லாருக்கும் சொன்னாள். ஒவ்வொரு அக்டோபரும் தங்கையின் ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறாள். பூசை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் "அக்கா, எப்ப வருவாய்?" என்று காதுக்குள் கேட்குமாம்.

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"அவங்க உயிரோட இருக்கலாம் இல்லையாக்கா? இப்பதான் சண்டை நின்னு ரோடு திறந்திருக்கே. தேடிப் பார்த்தீங்களா?"

படமே வாய் திறந்ததுபோல் திடுக்கிட்டுத் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"செத்திருந்தால் அழலாம் பிள்ளை. உயிரோட இருந்தால் எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை போலிருக்கிறது. ஒரு மாதம் என்னைக் கண்டாலே பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். அக்டோபர் கடைசியில் அவளே வந்து, பூசைக்கு வா என்றாள்.

லாசால் கோயிலில் பாதர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு போனார். அக்னெஸின் பெயர் வந்ததும் என் பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. மாக்கிரட் அக்கா எழுந்து நின்றாள்.

"அந்தப் பேரை வெட்டிவிடுங்கோ பாதர். அவ செத்ததை நான் காணேல்லை. உயிரோட விட்டிட்டு வந்தனான்."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்கள். அவள் உட்காரவில்லை.