சலிக்காத மாவும் சர்க்கரை மாத்திரையும்

கூழ் விற்பது சுலபம். கூழைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் ஏழாவதோடு நின்றவள். தானியத்துக்குள் இருக்கிற சமாச்சாரங்களை எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிட்டால், அதை நம்பி யாராவது எதையாவது செய்துவிட்டால் என்ன ஆவது? உங்களில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் தெரிந்திருக்கும். தட்டில் வைத்ததற்கு மட்டுமல்ல, வாயிலிருந்து வந்ததற்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழவேற்காட்டில் படகுகள் கரையேறுகிற இடத்துக்குப் பக்கத்தில் என் தள்ளுவண்டி நிற்கும். விடிகிற நேரத்தில் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. படகுகள் தண்ணீரில் வருகின்றனவா, பனியில் மிதக்கின்றனவா என்றும் தெரியாது. தூரத்தில் பூநாரைகள் நிற்பது, யாரோ வெளுத்துப்போன ரோஸ் புடவையை அலசாமல் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். கூழைக் கரைத்துக்கொண்டே நானும் பாதி தூக்கத்தில் நிற்பேன். மீதிப் பாதியில் எதையாவது நினைத்துக் கவலைப்படுவேன்.

கேவுருக்குச் சட்டை

ஒருநாள் காலையில் ஒரு நர்சம்மா வந்து, மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் எங்களையெல்லாம் உட்கார வைத்துப் பேசினார். உள்ளங்கையில் கொஞ்சம் கேழ்வரகை, எங்கள் பேச்சில் கேவுரை, வைத்துக் காட்டினார். "இந்தத் தோல்லதான் நார்ச்சத்து இருக்கு. இந்தச் செவப்பு நெறத்தைக் கொடுக்கிற சத்துங்களும் இங்கதான். சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை சர்ருனு ஏறாம மெதுவா ஏற இதெல்லாம் உதவி செய்யலாம், கொழுப்புக்கும் நல்லதா இருக்கலாம்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டேதான் இருக்காங்க" என்றார்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக அள்ளி அள்ளிக் கொட்டுகிறேன். கடுகளவு கூட இல்லாத அந்த மணி ஒவ்வொன்றும் சட்டை போட்டிருக்கிறது, அந்தச் சட்டைப் பைக்குள் ஏதோ வைத்திருக்கிறது என்று நினைத்ததே இல்லை. ஏரியும் மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் தண்ணீர்தானே. நினைப்பு அப்படி எங்கேயோ போய்விட்டது.

அதற்குள் முதல் படகு வந்துவிட்டது. பாதிப் பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "ஆனா இது மருந்து இல்லம்மா" என்று நர்சம்மா சொன்னது, முன்னால் இருந்த எங்கள் நாலைந்து பேருக்குத்தான் கேட்டிருக்கும். மீன் விற்கிற அஞ்சலை எழுந்து போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "மீனுக்குச் செதிலை எடுத்துட்டுத் துன்றோம், கேவுரை மட்டும் தோலோட துன்னணுமா? இன்னாமா நியாயம் இது?"

சலிக்காத முதல் நாள்

அன்றிலிருந்து நான் மாவைச் சலிப்பதை விட்டேன். சலித்த மாவில் கூழ் வழவழவென்று இருக்கும். சலிக்காத மாவில் தவிடு தனியே தெரியும். பானைக்குள் மத்து சுற்றும்போது அது சுழன்று சுழன்று, வெள்ளம் வடிந்த ஏரியில் வண்டல் அடங்குவதைப் போல மெதுவாக அடியில் உட்காரும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் பொழுது போவதே தெரியாது. வாங்குகிறவர்களுக்கு அந்த அழகு தெரிய வேண்டுமே, அதுதான் கவலை.

அஞ்சலையின் மகன் சுரேஷ் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்கிறான். கம்பெனி பஸ் வருவதற்குள் ஒரு சொம்பு குடித்துவிட்டு ஓடுவான். அன்றைக்குப் பாதியில் நிறுத்தி, சொம்புக்குள் எட்டிப் பார்த்தான். நான் தோலின் பெருமையை நர்சம்மா சொன்ன மாதிரியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பஸ் வந்தது. மிச்சத்தையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டுச் சொன்னான்: "நேத்து வரைக்கும் கூழ் குடிச்சேன்க்கா. இன்னிக்கு வலையை முழுங்குன மாதிரி கீது."

இரும்பைப் பிடிக்கிற தோல்

சுரேஷின் பெண்டாட்டி ரேகா மாசமாக இருந்தாள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். கேழ்வரகு அவளுக்கு ஆகுமா என்று அஞ்சலை கேட்டாள். பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் நான் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும்? மாமியாரையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு நர்சம்மாவிடமே போய்விட்டேன்.

அவர் சொன்னது எனக்குப் புதுசாக இருந்தது. அதே தோலில் இருக்கிற இன்னொரு பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள விடாமல் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஊறவைத்துப் புளிக்க வைத்தால் அந்தப் பிடி தளர்ந்துபோகுமாம். நம் கூழ் புளித்ததுதான், அதனால் பயப்படாமல் குடிக்கலாம், மாத்திரையை மட்டும் தனி நேரத்தில் போடணும் என்றார். திரும்பி வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும், அஞ்சலை காதில் விழுகிற மாதிரியே ரேகா என்னிடம் சொன்னாள்: "நல்லதும் பண்ணுது, நமக்கு வர்றதையும் புடிச்சி வச்சிக்குதுன்னா, அது மாமியார் மாதிரின்னு சொல்லுங்கக்கா."

பாடு

எங்கள் ஏரியில் எல்லோரும் எல்லா நாளும் வலை போட முடியாது. இன்றைக்கு ஒரு கூட்டம் இறங்கினால் நாளைக்கு அடுத்த கூட்டம். இந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு இல்லாத நாளில் யாரும் வலையைத் தொட மாட்டார்கள். தொட்டால் சண்டைதான்.

அஞ்சலையின் வீட்டுக்காரர் கோவிந்தண்ணன் இறால் வலைக்காரர். சர்க்கரை வியாதி அவருக்கு. சலிக்காத கூழ் அவருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. ஒரு சொம்பு குடித்தவர், பிறகு இன்னொரு சொம்பும் வாங்கினார். நான் மகிழ்ந்தேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் என் சுபாவத்துக்கு அது வருவதில்லை. அவர் என் தண்ணீர்க் குடத்தையும் காலி செய்துகொண்டிருந்தது எனக்கு உறுத்தியது. தாகம் அடங்கவே இல்லை. ஒருநாள் கால் சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தார். ஏரியில் ஆளி என்கிற சிப்பியின் ஓடு கிழித்ததாம். "வலியே இல்லம்மா" என்றார். கிழிந்த கால் வலிக்கவில்லை என்றால் அது நல்லதா? அந்தத் துணி அடுத்த வாரமும் அவிழவில்லை. பக்கத்தில் வந்தால் ஒரு வாடை. மீன் வாடை எங்களுக்குத் தெரியும். இது அது இல்லை.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வலைக்காரருக்கே உரிய நியாயத்தோடு விளக்கினார்: "ஒரு நாள் மாத்திரை, ஒரு நாள் கூழு. பாடு பிரிச்சி உட்டுட்டேன். ரெண்டையும் ஒரே நாள்ல எறக்குனா உள்ளாற சண்டை வராதா?"

ஆஸ்பத்திரி பெஞ்ச்

அன்றைக்குப் பானையை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே, "தோலு தோலுன்னு நீங்கெல்லாம் பேசித்தானே இந்த ஆளு இப்படிப் பண்ணிச்சி" என்றாள். பாடு பிரித்தது அவராகச் செய்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழி வெயிலில் பளபளத்துக்கொண்டே கூட வந்தது. அதற்கு என்ன கவலை.

துணியை அவிழ்த்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. கால் போய்விடுமோ என்றுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் நினைப்பு. காலில்லாமல் ஏரியில் இறங்க முடியாது. ஏரி இல்லாமல் அந்த வீடு இல்லை. அஞ்சலை எப்போது என் கையைப் பிடித்தாள் என்று தெரியவில்லை. சாயந்திரம் டாக்டரம்மா வந்து, சுண்டுவிரலை எடுக்க வேண்டும், பாதம் தப்பிக்கும் என்றார். யார் இப்படி மாத்திரையை நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். கோவிந்தண்ணன் யாரையும் காட்டிக்கொடுக்காமல், "கூழுதாம்மா" என்றார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு, சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்றார். இனிமேல் சர்க்கரைக்காரர்களுக்குக் கூழே ஊற்றவில்லை என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்: "அளவா ஊத்துங்க. கூழ் நல்ல கூழா இருக்கட்டும், அதுக்கு என் வேலையைக் குடுக்காதீங்க."

சொம்புக்கு முன்னால்

கோவிந்தண்ணன் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஏரிக்குள் இறங்க இன்னும் நாளாகும். தன் கூட்டத்தின் பாடு வருகிற நாளில், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு என் வண்டிப் பக்கம் உட்கார்ந்து, படகுகள் பனிக்குள் போய்க் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பங்குக்கு சுரேஷ் லீவு போட்டுவிட்டு இறங்குகிறான். மாவை நான் இன்னமும் சலிப்பதில்லை. ஆனால் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இப்போது சின்ன டம்ளர்தான். இன்றைய மாத்திரை போட்டாச்சா என்று கேட்டு, "போட்டாச்சி" என்ற பிறகுதான் கரண்டி பானைக்குள் போகும். இதனால் சில பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

போன வாரம் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த ஒருவர், இந்தக் கூழில் என்னென்ன சத்து இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தண்ணன் வண்டிப் பக்கத்து பெஞ்சிலிருந்து சொன்னார்: "அதை மட்டும் அவங்களாண்ட கேக்காத நைனா. ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு பூடுவாங்க."

ஆகையால் இப்போது யார் கேட்டாலும் என் கூழில் கேழ்வரகு, நொய், மோர், உப்பு நாலும்தான் இருக்கின்றன. மற்றவை அந்தத் தோலுக்குள் இருந்தால் நிம்மதியாக இருந்துகொள்ளட்டும், அவற்றின் பெயரை நான் சொல்வதாக இல்லை.