புல்லும் செத்தது, சோளமும் செத்தது

போன ஞாயிறு அண்ணன் மகள் எஸ்தர் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தாள். சின்னசேலத்தில் எங்கள் வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

"இன்னா பாப்பா, ஒடம்புக்கு ஆவலியா?"

"என் வேலை ஊத்திக்கிச்சு சித்தப்பா."

சென்னையில் ஆராய்ச்சி செய்கிறாள். நரம்பைக் கெடுக்கிற புரதம் ஒன்று. அதைச் செய்யச் சொல்லி ஜீனிலிருந்து வேதி எழுத்துகளால் ஆன ஒரு செய்தி கிளம்பும். அந்தச் செய்தியோடு எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்ந்து ஒட்டுகிற குட்டித் துண்டு தயாரிப்பதுதான் இவள் வேலை. ஒட்டினால், செல்லே அந்தச் செய்தியை வெட்டிப் போட்டுவிடும். ஜீன் கப்சிப்! ஆனால் செய்தி சுருண்டு மடிந்து கிடக்கும்; திறந்திருக்கிற இடமாகப் பார்த்து ஒட்ட வேண்டும். வேறு நல்ல செய்தியில் போய் ஒட்டிவிடவும் கூடாது.

இவளுடைய துண்டு வேலை செய்தது. புரதம் சரசரவெனக் குறைந்தது. ஆராய்ச்சி கைடு கட்டுரையே எழுதச் சொல்லிவிட்டார்.

"அப்புறம் இன்னா கேடு?"

"சரிபாக்கறதுக்காக அதே எழுத்துங்கள கலைச்சிப் போட்டு இன்னொரு துண்டு செஞ்சேன். அது எங்கியும் ஒட்டாது. ஒண்ணும் பண்ணக் கூடாது. அதுவும் புரதத்தைக் கொறைச்சிடுச்சு! ஜீன் அடங்கல சித்தப்பா... செல்லே செத்துக்கினு இருக்குது, அதான் புரதம் கொறையுது."

"கைடுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாத. மொதல்ல கட்டுரை வரட்டும்."

வாரா வாரம் இந்தப் பத்தியில் 'உண்மையைப் பேசுங்கய்யா' என்று கத்துகிறேனே... அதே ஆள்தான்.

எஸ்தர் என்னையே பார்த்தாள். "போன வருசம் கல்வராயன் மலை அடிவாரத்துக் கொல்லையில, மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சிட்டு, 'ஒரு புல்லு இல்ல பாரு'ன்னு ஊருக்கே போட்டோ அனுப்புனீங்களே?"

அனுப்பினேன். தரிசு நிலத்துக்கு அடிக்கிற மருந்தைத் தெரியாமல் அடித்துவிட்டேன். புல்லோடு சோளமும் போனது. சோளம் தெரியாத மாதிரி தரையை மட்டும் எடுத்த போட்டோ அது.

"அதே மாதிரி ஒரு போட்டோவத்தான் இப்ப என்னையும் போடச் சொல்றீங்க."

 

அங்கேயே கைடுக்கு போன் போட்டாள். கட்டுரை நின்றது. செய்தியில் வேறு இடம் பார்த்து, புதுத் துண்டு செய்ய வேண்டும். இன்னும் ஒரு வருடமாவது இழுக்குமாம். போனை வைத்துவிட்டு பிரியாணித் தட்டை இழுத்துக்கொண்டாள்.

நான் அந்த போட்டோவை இன்னும் அழிக்கவில்லை. என்ன செய்வது... நன்றாக வந்த போட்டோங்க!