அப்பா டோக்கன் நம்பர் சொல்லு

போன திங்கட்கிழமை காலை, ஆவடி ஸ்டேஷனில் ஒரு பெண் எங்கள் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறினாள். புது சுடிதார். புதுப் பை. புதுச் செருப்பு வேறு – கடித்திருக்க வேண்டும், ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது: காலேஜ், முதல் வருடம், முதல் நாள்.

ஏற்றிவிட யாரும் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாள்.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய் புதுசு... இங்க வா. அப்பா டோக்கன் நம்பர் சொல்லு."

எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைத் தட்டினார். எங்கள் வண்டிக்குப் புதியவர். "என்னங்க இது, ரயில்லயே ராகிங்கா? யாரும் கேக்க மாட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை வில்லிவாக்கம் வருவதற்குள் அவருக்கு அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். உங்களுக்கு நிதானமாகவே சொல்கிறேன். அந்தப் புதுப் பெண் என்ன பதில் சொன்னாள் என்பது கடைசியில்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், இதே ஆவடி, இதே பெட்டி. அன்றைக்கு ஏறியவள் தாவணி போட்டிருந்தாள். அவளோடு அப்பாவும் வந்திருந்தார், ஃபாக்டரி காக்கிச் சட்டையோடு. பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இவ ஸ்டெல்லா. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேந்திருக்கா. எங்க குடும்பத்துல காலேஜ் வாசல மிதிக்கது இவதான் மொத ஆளு. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டிஃபன்ஸ் ஃபாக்டரியில் மெஷின் ஷாப். குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபது வருடம் ஆகியும் ஊர்ப் பேச்சு அப்படியே இருந்தது.

எங்களிடம் ஒரு பெண்ணை ஒப்படைத்துவிட்டு ஒரு மனிதர் நிம்மதியாக வேலைக்குப் போகிறார். சும்மா இருப்போமா?

எங்கள் பெட்டியின் நிரந்தர உறுப்பினர்களில் மூன்று பேருக்கு வாய் அதிகம். வசந்தா – டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், தூக்கத்தில்கூட ஆங்கிலம் பேசுவாள். கன்னியம்மா – வேப்பம்பட்டிலிருந்து பூக்கூடையோடு வந்து சென்ட்ரல் பக்கம் வியாபாரம் செய்பவள். மூன்றாவது, பட்டாபிராமில் ஏறும் அடியேன். அரசாங்க ஆபீசில் கிளார்க். ஆனால் கன்னியம்மாவுக்குப் பேனா பிடிக்கிற எல்லோருமே ஆபீசர்தான்.

"நீ கவலப்படாம வேலைக்குப் போ நைனா," என்றாள் கன்னியம்மா. "நாங்க கீறோம்."

வண்டி கிளம்பியது. எங்கள் அறிவுரையும் கிளம்பியது.

யார் என்ன கேட்டாலும் முதலில் 'எக்ஸ்க்யூஸ் மீ' சொல்ல வேண்டும் – இது வசந்தா. எவளாவது முறைத்தால் திருப்பி முறைக்க வேண்டும் – இது கன்னியம்மா. முதல் பெஞ்சிலும் உட்காராதே, கடைசி பெஞ்சிலும் உட்காராதே – இது நான். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வியாசர்பாடி தாண்டுவதற்குள் பாவம், அவள் கழுத்து வலித்திருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் விசாரணை. "எப்படிம்மா இருக்கு காலேஜ்?" என்று கேட்போம். "நல்லா இருக்கு ஆன்ட்டி," என்பாள். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வோம். ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்டோம் அல்லவா...

ஒரு வியாழக்கிழமை நான் லீவு. அம்பத்தூரில் ஒரு சீமந்தம். சாவகாசமாகப் பத்து மணிக்கு மேல் வண்டி ஏறினேன். அண்ணனூரில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் – பிளாட்பார பெஞ்சில் ஸ்டெல்லா. மடியில் டிபன் பாக்ஸ். பத்தே முக்காலுக்கு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

இறங்கிவிட்டேன். (சீமந்தத்துக்குப் போகவே இல்லை. அந்தக் குழந்தை பிறந்து இப்போது ஓடி விளையாடுகிறது. அதன் பாட்டி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.)

என்னைப் பார்த்ததும் அவள் டிபன் பாக்ஸை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"பயமா இருந்தா எனக்குப் பசிக்குது ஆன்ட்டி," என்றாள். அப்புறம் அழுதாள்.

காலையில் எங்களோடு சென்ட்ரல் வரை வருவாளாம். நாங்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் திரும்பும் வண்டியைப் பிடித்து அண்ணனூரில் இறங்கி, சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பாளாம். ஆவடியில் இறங்க முடியாது. பிளாட்பாரம் முழுக்க அப்பாவுக்குத் தெரிந்த அங்கிள்கள். ஒரு வாரமாக இப்படித்தான் அவள் காலேஜ் நடந்திருக்கிறது.

என்ன நடந்தது? இதைச் சொல்வதற்கு முன், குவார்ட்டர்ஸ் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் மனிதர்களுக்குப் பெயர் இரண்டாம்பட்சம். அப்பாவின் டோக்கன் நம்பர்தான் முதலில். ஃபாக்டரி ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து வாங்கவா – டோக்கன் நம்பர். கோஆபரேடிவ் ஸ்டோரில் சர்க்கரையா – டோக்கன் நம்பர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா – டோக்கன் நம்பர். ஸ்டெல்லா சின்ன வயதில் ஸ்போர்ட்ஸ் டே கூட்டத்தில் தொலைந்துபோனபோது மைக்கில் அவள் பெயரைச் சொல்லவில்லையாம். "மெஷின் ஷாப், டோக்கன் நம்பர் இன்னது, உங்க பொண்ணு மேடைக்குப் பக்கத்துல இருக்கு" என்றுதான் அறிவித்தார்களாம்.

அப்படி வளர்ந்த பெண்ணை, முதல் நாள் வகுப்பில் லெக்சரர் எழுப்பி, "இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்" என்றால் அவள் என்ன சொல்வாள்?

சொன்னாள். தன் பெயர், அப்பா பெயர், மெஷின் ஷாப், டோக்கன் நம்பர், டைப் டூ குவார்ட்டர்ஸ்... எல்லாம் ஆங்கிலத்தில், கணீரென்று.

வகுப்பு சிரித்தது. லெக்சரரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு மத்தியானமே அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. "ஏய் டோக்கன், கேன்டீன்ல கூட்டமா இருக்கு, உன் நம்பரைச் சொல்லி காபி வாங்கிட்டு வா."

"அதுக்கப்புறம் உள்ள போக முடியல ஆன்ட்டி. கேட் வரைக்கும் போறேன், காலு நின்னுடுது."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"எப்படிச் சொல்லுவேன்? செக்‌ஷன் பூரா லட்டு குடுத்துட்டாரு. படிப்பு ஒத்து வரலைன்னா அத்தை மகனுக்குக் கட்டி வெச்சிடலாம்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் போகலைன்னா காலேஜ்லருந்து வீட்டுக்குக் கார்டு போட்டுடுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க ஆன்ட்டி."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அப்பாவிடம்தானே கூடாது? பெட்டியிடம் சொல்லக் கூடாது என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை, ஸ்டெல்லா ஏறி உட்கார்ந்ததும் மாநாடு தொடங்கியது.

வசந்தாவின் திட்டம்: புதிதாக ஓர் அறிமுக உரை எழுதி மனப்பாடம் செய்ய வைப்பது. இங்கிலீஷ் அவளுடையது. கன்னியம்மாவின் திட்டம் வேறு. "நான் வரேன். எவ சிரிச்சான்னு காட்டு. மீதிய நான் பாத்துக்கறேன்." என் திட்டம்: மூவருமாகப் போய் பிரின்சிபாலைப் பார்ப்பது. ஆபீசுக்கு பர்மிஷன்கூடச் சொல்லிவிட்டேன்.

கற்பனை செய்து பாருங்கள். ஒரு டெலிபோன் ஆபரேட்டர், ஒரு கிளார்க், தலையில் பூக்கூடையோடு கன்னியம்மா... நாங்கள் மூவரும் காலேஜ் வாசலில் போய் நின்றிருந்தால், அந்தப் பெண்ணுக்கு டோக்கனைவிட மோசமான பெயர் கிடைத்திருக்கும். அன்றைக்கு இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டெல்லாவுக்கு மட்டும் தோன்றியது போல. ஒவ்வொரு திட்டத்துக்கும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"வேணாம் ஆன்ட்டி," என்றாள் கடைசியில். "நான் அப்பாகிட்டச் சொல்லி நின்னுடறேன்."

 

அப்போதுதான் கதவோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஒல்லி. ரெட்டைப் பின்னல். நெஞ்சோடு அணைத்த புத்தகம்.

"நீ கெமிஸ்ட்ரி தானே?" என்றாள் ஸ்டெல்லாவிடம். "நானும்தான். பாக்கியலட்சுமி. உனக்கு அடுத்த சீட்டு."

தினமும் நெமிலிச்சேரியில் ஏறுகிறாளாம். எங்கள் பெட்டியிலேயேதான் வந்துகொண்டிருக்கிறாள். எங்களிடம் யாரும் அவளை ஒப்படைக்கவில்லை, அதனால் நாங்கள் பார்க்கவும் இல்லை. ஒருத்திக்கே அறிவுரை சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம்.

"நீயும் சிரிச்சியா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"இல்ல. அடுத்தது என் முறை. எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்குப் போறாரு. கான்ட்ராக்ட். எட்டு வருசமா பர்மனென்ட் பண்றோம் பண்றோம்னு சொல்றாங்க. இன்னும் டோக்கன் குடுக்கல." புத்தகத்தின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள். "நீ சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. எங்கப்பாவுக்கு நம்பர் இருந்தா நானும் சொல்லியிருப்பேன். பேரை மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டேன்."

ஸ்டெல்லா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தா தன் ஆங்கில உரைத் திட்டத்தை அதோடு கைவிட்டாள்.

"நீ இன்னிக்கு வா," என்றாள் பாக்கியம். "எனக்கு ஒரு உதவி வேணும்."

"என்ன?"

பாக்கியம் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ஓடுகிற ரயிலில் குரலைத் தாழ்த்தினால் மூன்று சீட்டுக்காவது கேட்கும்.

"பாத்ரூம் எங்கன்னு தெரியல. யாரையும் கேக்க வெக்கமா இருக்கு. காலையில போனா வீட்டுக்கு வர வரைக்கும் அடக்கிக்கிறேன். தண்ணியே குடிக்கறதில்ல. நேத்து மயக்கம் வர்ற மாதிரி ஆயிடுச்சு... தலை சுத்திடுச்சு. நீ வந்தா ரெண்டு பேரும் சேந்து தேடலாம்."

கேட் வரைக்கும் போய் நின்றுபோகிற கால் ஸ்டெல்லாவுடையது. ஆனால் பாக்கியத்தின் பிரச்சினை அதைவிட அவசரம் என்பது யாருக்கும் புரியும்.

"சரி, வா," என்றாள்.

சென்ட்ரலில் இறங்கியதும் இருவரும் வேகமாக நடந்தார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஸ்டெல்லா திரும்பி, "நீங்க போங்க ஆன்ட்டி, ஆபீசுக்கு லேட்டாயிடும்," என்றாள். கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

"இன்னாமா இது," என்றாள் கன்னியம்மா கூடையை இறக்கி வைத்து. "நம்மள கயட்டி உட்டுட்டு பூட்சுங்க."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உள்ளே போனாளா, மறுபடி சிரித்தார்களா, அண்ணனூர் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாளா? சாயங்கால வண்டியில் வசந்தா எனக்கு முன்பே வந்து இடம் போட்டு வைத்திருந்தாள். கன்னியம்மா மிச்சப் பூவை எவருக்கோ பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

பெண்கள் இருவரும் சேர்ந்து வந்து ஏறினார்கள். ஆளுக்கொரு குச்சி ஐஸோடு.

"என்னம்மா ஆச்சு?" என்றோம் மூவரும் ஒரே குரலில்.

"கண்டுபிடிச்சிட்டோம் ஆன்ட்டி," என்றாள் ஸ்டெல்லா. "லைப்ரரிக்குப் பின்னாடி."

பெட்டியே சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரித்தாள். வகுப்பில் சிரித்தார்களா, டோக்கன் என்று கூப்பிட்டார்களா என்று கேட்டேன். "கூப்பிட்டாங்க. ரெண்டு பேரா இருந்தமா, பெருசாத் தெரியல," என்றாள். அவ்வளவுதான். அண்ணனூர் பெஞ்சு அன்றோடு காலியானது. லட்டு கொடுத்த அப்பாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவர் வீட்டில் வேறு பத்திரிகை வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் இதை எழுதுகிறேன். ஸ்டெல்லாவும் எழுதச் சொல்லிவிட்டாள்.

பிள்ளை காலேஜில் சேர்ந்தால் நாம் என்னென்னவோ கொடுக்கிறோம். பேனா, கைக்கடிகாரம், ஆங்கிலம், தைரியம், குடும்ப கௌரவம்... எல்லாவற்றையும் முதுகில் ஏற்றி அனுப்புகிறோம். அதற்குத் தேவைப்படுவது, தன்னைப்போலவே வழி தெரியாத இன்னொரு ஆள். அதை நாம் கடையில் வாங்கித் தர முடியாது. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தானாகப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு நாள், பாக்கியம் கை நிறைய சாக்லேட்டோடு ஏறினாள். அப்பாவைப் பர்மனென்ட் செய்துவிட்டார்களாம். ஸ்டெல்லா அவளை உட்கார விடவில்லை. "நின்னுக்கிட்டே முறையாச் சொல்லு," என்றாள்.

ஓடுகிற வண்டியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு பாக்கியம் நின்றாள். தன் பெயர், அப்பா பெயர், கம்பெனி, டோக்கன் நம்பர்... எல்லாம் ஆங்கிலத்தில், கணீரென்று. கடைசி எண்ணைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கன்னியம்மா அழுதுகொண்டே கை தட்டினாள். நானும்தான்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம்தான் இது. எங்கள் பெட்டியில் ஏறும் முதல் வருடத்துப் பெண் யாராக இருந்தாலும் அப்பா நம்பரைச் சொல்லியாக வேண்டும். டோக்கன் இல்லாவிட்டால் பஸ் டிரைவர் அப்பாவின் பேட்ஜ் நம்பர், கடைக்கார அப்பாவின் கடை நம்பர், எதுவானாலும் சரி. சொன்னதும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கேட்பது மூன்றாம் வருடத்து 'டோக்கன் அக்கா'. காலேஜிலும் அவளுக்கு அதே பெயர்தான், இப்போது அவளே அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்கிறாள்.

போன திங்கட்கிழமை வந்த புதுப் பெண்ணை மறந்துவிடவில்லை.

"அப்பா இல்லக்கா," என்றாள் அவள், கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அவரு பாத்த வேலைக்கு இப்ப அம்மாதான் போறாங்க. காலையில ஷிஃப்ட். அதான் ஸ்டேஷனுக்கு வர முடியல."

ஸ்டெல்லா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"அப்ப அம்மா நம்பர் சொல்லு."

சொன்னாள். முதலில் மெதுவாக. கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னதும், சத்தமாக. ஸ்டெல்லாவும் பாக்கியமும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். என் பக்கத்து அம்மாள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு உக்காரு," என்றாள் பாக்கியம். "காலேஜ் போனதும் முதல்ல பாத்ரூமைக் காட்டறோம். மத்ததெல்லாம் அப்புறம்."

கல்லூரி முதல்வர்களே... உங்கள் வரவேற்புரையையும் அங்கிருந்தே தொடங்கினால் என்ன?